புதிய கடல்நீர்த் தொட்டியில் பாசி: ஏன் பெருகுகிறது, வன்னியில் முதலில் எங்கே பார்க்க வேண்டும்

நன்னீர் மீன் வளர்த்துப் பழகிய ஒருவர் கடல்நீர்த் தொட்டிக்கு மாறினால் முதலில் மிரள்வது பாசியைக் கண்டுதான். கல் அடுக்கி, மணல் பரப்பி, உப்பு நீர் விட்டு, பம்பியை ஓட விட்டதும் ஒன்றிரண்டு வாரம் எல்லாம் பளிச்சென்று இருக்கும். பிறகு வெள்ளை மணலில் பழுப்புத் தூள் படியும், அது போகுமுன்பே கண்ணாடியில் பச்சை ஏறும், கல்லில் மயிர் மயிராக ஒன்று முளைக்கும், சில தொட்டிகளில் வழுவழுப்பான சிவப்புப் படலம் ஒன்று மணலை மூடிக்கொண்டு வரும். இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டு விடுகிறார்கள். தண்ணீரை முழுதாக மாற்றுவார்கள், கல்லையும் மணலையும் வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவுவார்கள், அல்லது கடையில் பாசி மருந்து என்று தருவதை வாங்கி ஊற்றுவார்கள். மூன்றுமே தொட்டியைப் பழையபடி முதல் நாளுக்குக் கொண்டுபோய் விடும்.

இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் சில மாதம் பாசி வருவது புதுத் தொட்டியின் இயல்பு, அதற்கு மருந்து தேவையில்லை. வந்த பாசி போகாமல் நிற்கிறது, அல்லது போய்ப் போய்த் திரும்ப வருகிறது என்றால் அதற்கு எங்கிருந்தோ தொடர்ந்து சாப்பாடு கிடைக்கிறது. வன்னியில் அந்தச் சாப்பாட்டைத் தேடும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆவியாகிப் போகும் நீருக்குப் பதிலாக நாளாந்தம் நாம் ஊற்றுகிற கிணற்றுத் தண்ணீரைத்தான். ஏன் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

பாசிக்கு என்ன வேண்டும்

பாசி என்று ஒரே பேரில் சொன்னாலும் அவை ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாத பல உயிர்கள். எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒளித்தொகுப்பு, அதாவது வெளிச்சத்தைக் கொண்டு காபனீரொட்சைட்டிலிருந்து தன் உடலைக் கட்டுவது. வெளிச்சமும் காபனீரொட்சைட்டும் தொட்டியில் எப்போதும் உண்டு. ஆகவே எவ்வளவு வளரலாம் என்பதை முடிவு செய்வது மற்றப் போசணைகள். கீழுள்ள மூன்று பெயர்களைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் விளங்கும்.

1. நைத்திரேற்று. நைதரசன் உள்ள சேர்வை. மீன் கழிவு, மிஞ்சின தீனி, செத்துக் கிடக்கும் உயிர் எல்லாம் தொட்டியில் கடைசியாக இதுவாகத்தான் மாறுகின்றன. வயலுக்குப் போடும் யூரியாவும் மண்ணில் மாறி இந்த வடிவத்தில்தான் நிலத்தடி நீருக்கு இறங்குகிறது.

2. பொசுபேற்று. பொசுபரசு உள்ள சேர்வை. பெரும்பாலும் தீனி வழியாக வருகிறது. சுண்ணாம்புத் தன்மையுள்ள கல்லில் ஒட்டிக்கொண்டு கிடந்து, தண்ணீரில் அளவு குறையக் குறைய மெல்ல விடுபடும். அதனால் இன்றைக்கு அளந்து குறைவு என்று நம்பினால் அடுத்த கிழமை ஏமாற வேண்டி வரும்.

3. சிலிக்கேற்று. கரைந்த சிலிக்கா. டயற்றம் என்கிற பழுப்புப் பாசிக்குத்தான் இது முக்கியம், ஏனென்றால் அதன் ஒவ்வொரு கலத்துக்கும் சிலிக்காவால் ஆன ஓடு உண்டு.

கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடலில் காபன், நைதரசன், பொசுபரசு ஆகியவை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் இருப்பதை அமெரிக்கக் கடலியலாளர் அல்பிரட் ரெட்பீல்ட் 1934 இல் எடுத்துக் காட்டினார். பின்னர் திருத்தி நிலைபெற்ற கணக்கு 106 : 16 : 1. பாசி வகைக்கு வகை இது மாறும், ஆனால் விளங்க வேண்டிய விடயம் ஒன்றுதான்: ஒரு பொசுபரசு அணு கிடைத்தால் நூற்றுக்கு மேற்பட்ட காபன் அணுக்களைச் சேர்த்து உடம்பு கட்ட முடியும். துளியளவு பொசுபேற்று மலைக்க வைக்கிற அளவு பாசியாகிறது என்பது இதனால்தான். இதே விகிதத்தை நாம் அளக்கும் மில்லிகிராம் கணக்கில் சொன்னால், நைத்திரேற்று ஏறத்தாழ 10 பங்குக்குப் பொசுபேற்று 1 பங்கு வரும்.

புதுத் தொட்டியில் ஏன் முதலில் பாசி

மீன் கழிவிலிருந்து முதலில் வருவது அமோனியா. மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும் நஞ்சு. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். இவை கல்லிலும் மணலிலும் குடியேறிப் போதுமான அளவு பெருக வழமையாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். இதற்குப் பிறகு நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியே விடும் பற்றீரியாக்களும் இருக்கின்றன, ஆனால் அவை ஒட்சிசன் இல்லாத கல்லின் உட்துளைகளில் வாழ்பவை, நிலைகொள்ள மாதக்கணக்கு ஆகும். இடைப்பட்ட காலத்தில் போசணை தண்ணீரில் சும்மா கிடக்கிறது, கல்லின் மேற்பரப்பு வெறுமையாகக் கிடக்கிறது, மேய்வதற்குப் பிராணி ஒன்றும் இல்லை. காடு வெட்டித் துப்புரவாக்கிய காணியைச் சும்மா விட்டால் முதல் மழைக்கே களையும் புல்லும் நிறைந்து, பிறகுதான் பற்றையும் மரமும் இடம் பிடிக்கும் அல்லவா, அதே ஒழுங்குதான் இங்கேயும். வேகமாக வளர்வது முதலில் வரும், மெதுவாக வளர்ந்து நிலைப்பது பிறகு வந்து இடத்தைப் பிடிக்கும்.

ஆகவே ஒவ்வொரு முறையும் கல்லை வெளியே எடுத்துக் கழுவும்போது மெதுவாக வளர்வனவற்றைத்தான் அழிக்கிறோம். பாசி மூன்று நாளில் திரும்பி வரும், பற்றீரியா வர ஒரு மாதம் வேண்டும்.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மதில், இடிந்த கிணற்றுக் கட்டு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் முருகைக்கல் துளை நிறைந்தது, பற்றீரியா குடியேற நல்லது. ஆனால் அது பல வருடம் மண்ணிலும் சாணத்திலும் கிடந்திருக்கலாம், பொசுபேற்றை நிறைய உறிஞ்சியிருக்கலாம். சுத்தமான உப்பு நீரில் இருட்டில் சில வாரம் ஊற வைத்து, அந்த நீரில் பொசுபேற்றை அளந்து பார்த்து, உயர்ந்தால் நீரை மாற்றி மறுபடி ஊற வையுங்கள். கடலிலிருந்து பவளப் பாறையை உடைத்து எடுப்பது சட்டப்படி தடை, அந்த வழியை நினைக்கவே வேண்டாம்.

வன்னித் தண்ணீர்

கடல்நீர்த் தொட்டியில் உப்பு ஆவியாகாது, தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும். அதனால் குறைந்த அளவுக்கு நன்னீரை ஊற்றி நிரப்புகிறோம். இதற்கு நாம் ஊற்றும் நீரில் என்ன கரைந்திருக்கிறதோ அது அத்தனையும் தொட்டியிலேயே தங்கிவிடும், அடுத்த நாள் தண்ணீர் மட்டும் போகும், நாம் மறுபடி கொஞ்சம் சேர்ப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 லீற்றர்த் தொட்டி, விசிறி ஓடுவதால் நாளுக்கு 2 லீற்றர் ஆவியாகிறது என்று வைப்போம். கிணற்று நீரில் லீற்றருக்கு 30 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்தால், 30 நாளில் 60 லீற்றர் ஊற்றியிருப்பீர்கள், 1800 மில்லிகிராம் உள்ளே போயிருக்கும், தொட்டியில் லீற்றருக்கு 18 மில்லிகிராம் கூடியிருக்கும். ஒரு மீன்கூட இல்லாமல், ஒரு சிட்டிகை தீனிகூடப் போடாமல். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் உச்ச எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், ஆகவே அந்தக் கிணறு குடிக்க நல்ல கிணறுதான். குடிக்க நல்ல நீர் தொட்டிக்கும் நல்லது என்ற எண்ணத்தில்தான் பலருடைய தொட்டி பச்சையாகிறது.

சிலிக்கேற்றும் அப்படியே. பாறையையும் மண்ணையும் ஊடறுத்து வரும் நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்கா லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். முதல் மாதத்தோடு போக வேண்டிய டயற்றம் ஆறு மாதமாகியும் போகவில்லை என்று சொல்பவர்கள் மணலைக் குறை சொல்வார்கள். வெள்ளைப் படிக மணலும் சிலிக்காதான், ஆனால் அது கரைவது மிக மிக மெதுவாக. நிரப்பும் தண்ணீரை முதலில் பாருங்கள்.

அப்படியானால் எந்தத் தண்ணீர்?

1. ஆர்ஓ தண்ணீர், அதாவது மென்சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டிய தண்ணீர். சிறுநீரக நோய்ப் பிரச்சினையால் வவுனியாப் பக்கமும் மற்ற இடங்களிலும் கிராமங்களில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன, கான் கொண்டுபோனால் நிரப்பித் தருகிறார்கள். கிணற்று நீரோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் வடிகட்டும் மென்சவ்வு பழசானால் கரைபொருள் தப்பி வரும். கரைந்த பொருளை அளக்கும் சின்ன டிடிஎஸ் மீற்றர் ஒன்று வாங்கி வைத்து ஒவ்வொரு முறையும் பாருங்கள். 10 க்குக் கீழே காட்டினால் நிம்மதி. அதற்கு மேல் என்றால் அயன் நீக்கும் பிசின் நிரப்பிய ஒரு சின்னக் குழாய் வழியாக இன்னொரு தரம் விட்டு எடுக்கலாம், மென்சவ்வில் தப்பி வரும் சிலிக்கேற்று அதில்தான் பிடிபடும்.

2. மழைநீர். வாடைக் காலத்தில் கிடைக்கும் இந்த நீரில் கரைபொருள் மிகக் குறைவு. கூரையிலிருந்து எடுப்பதானால் தகரக் கூரை வேண்டாம், அதன் நாகப் பூச்சு மழையில் கொஞ்சம் கரைந்து வரும், நத்தைக்கும் இறாலுக்கும் நாகமும் செம்பும் நஞ்சு. திறந்த வெளியில் சுத்தமான படங்கை விரித்துப் பிடிப்பதே நல்லது. மழை தொடங்கின முதல் கால் மணி நேர நீரை விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பிளாஸ்ரிக் பீப்பாவில் மூடி, இருட்டான இடத்தில் வையுங்கள்.

3. கடல் நீர். முல்லைத்தீவுக் கரையில் இருப்பவருக்கு இது இலவசம், உப்பு வாங்கும் செலவு இல்லை, ஆகவே ஆசை வருவது நியாயம். காலத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். காலபோகத்துக்கு வயலில் பசளை போட்ட கையோடு பெருமழை வந்தால் அந்த நீர் ஆறு, குளம், வாய்க்கால் எல்லாம் தாண்டி நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளுக்குப் போய்ச் சேர்கிறது, முகத்துவாரம் திறந்ததும் கடலுக்கு இறங்குகிறது. அந்த நாட்களில் கரையோர நீரில் உப்பும் குறைவு, போசணையும் கூடுதல். மழை ஓய்ந்து சில வாரம் கழிந்த பிறகு, முகத்துவாரத்துக்கு எட்டத்தில், கலங்கலில்லாத நீரை எடுத்து, உப்பின் அளவை அளந்து, துணியால் வடித்து, இரண்டு வாரம் இருட்டில் மூடி வைத்துப் பாவியுங்கள். களப்பு நீரை எந்தக் காலத்திலும் எடுக்க வேண்டாம்.

4. உப்பு. ஆனையிறவு உப்பு பக்கத்தில் இருக்கும்போது எதற்கு விலை கொடுத்துக் கடல் உப்புக் கலவை வாங்க வேண்டும் என்ற கேள்வி நிச்சயம் வரும். உப்பளத்தில் கடல் நீர் வற்றும்போது கல்சியம் சேர்வைகள் முதலில் படிந்துவிடும், அடுத்துத்தான் சோடியம் குளோரைட்டு பளிங்காகும், மகனீசியமும் பொற்றாசியமும் மிஞ்சிய கசப்பு நீரோடு வெளியே போய்விடும். அதாவது உப்பளத்தின் வேலையே சோடியம் குளோரைட்டைத் தனியாகப் பிரிப்பது. கடல் நீரில் கரைந்துள்ளவற்றில் அது ஏறத்தாழ முக்கால் பங்குதான். மிச்சம் கால் பங்கு இல்லாமல் மீன், நத்தை, பவளம் எதுவும் சரியாக வாழாது. தொட்டிக்கென்று தயாரித்த கலவையையே வாங்குங்கள். லீற்றருக்கு 35 கிராம் உப்பு, அடர்த்திமானியில் 1.025 அல்லது 1.026 வரவேண்டும்.

எது எந்தப் பாசி

வைத்தியம் பாசிக்குப் பாசி மாறும். சிலவற்றில் ஒன்றுக்குச் செய்வது மற்றதைக் கூட்டிவிடும், அதனால் அடையாளம் முக்கியம்.

பழுப்புத் தூள்: டயற்றம். மணலிலும் கண்ணாடியிலும் தூசு மாதிரிப் படியும், கையை அசைத்தாலே கிளம்பும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் வரும், சிலிக்கேற்று தீர்ந்ததும் தானாகப் போகும். கண்ணாடியை மட்டும் துடையுங்கள்.

கண்ணாடியில் மெல்லிய பச்சை: எல்லாத் தொட்டியிலும் உண்டு. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துடைத்தால் போதும், பேச ஒன்றுமில்லை.

பச்சை மயிர்: கல்லில் வேர்விட்டதுபோல் பிடித்து நீளமாக வளரும். இதற்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் பொசுபேற்றும் நைத்திரேற்றும்தான். கையால் பிடுங்கி எடுப்பதுதான் முதல் வேலை, ஏனென்றால் பிடுங்கும்போது அது தின்ற போசணையும் சேர்ந்து வெளியே போகிறது, உள்ளேயே சாகவிட்டால் எல்லாம் திரும்பத் தண்ணீருக்கே வரும். எடுக்கக்கூடிய கல்லானால் வெளியே எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டைப் பாசியுள்ள இடத்தில் மட்டும் தடவி, சில நிமிடம் விட்டு, உப்பு நீரில் அலசித் திருப்பி வைக்கலாம். தொட்டிக்குள் நேரடியாக ஊற்றாதீர்கள், இறால்கள் தாங்காது.

சிவப்பு, ஊதா அல்லது கரும்பச்சைப் படலம்: சயனோபற்றீரியா. பாசி போலத் தெரிந்தாலும் இது பற்றீரியா. விரலால் ஒரு முனையைத் தூக்கினால் முழுத் துண்டாக உரிந்து வரும், மேலே குமிழ்கள் இருக்கும், நாற்றமும் உண்டு. நீரோட்டம் குறைந்த, அழுக்குத் தேங்கும் மூலைகளில் தொடங்கும். இவற்றில் சில வகை, நீரில் கரைந்துள்ள நைதரசன் வாயுவையே பிடித்துப் பயன்படுத்தக் கூடியவை. அதனால் நைத்திரேற்றை அடியோடு குறைத்தும் பொசுபேற்று மிஞ்சியிருந்தால் இதற்குப் போட்டியில்லாமல் போய்விடும். உறிஞ்சி எடுங்கள், பம்பியின் வாயை அந்த மூலைக்குத் திருப்புங்கள், தேங்கிய அழுக்கை வெளியேற்றுங்கள். எரித்திரோமைசின் வில்லையைப் பொடித்துப் போடும்படி சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது நுண்ணுயிர்க்கொல்லி, கல்லில் உள்ள நல்ல பற்றீரியாவுக்கும் ஆபத்து. இரண்டு மாதத் தொட்டியில் நான் அதைச் செய்யவே மாட்டேன்.

பழுப்புச் சளி, நூல் நூலாக, நுனியில் குமிழோடு: டைனோபிளாஜலேற்று. சுருக்கமாக டைனோ. மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் பயப்பட வேண்டும், ஏனென்றால் வழமையான வைத்தியம் எல்லாம் இதைக் கூட்டும். இரவில் குறைந்து காணாமல் போனது போல இருக்கும், பகலில் வெளிச்சம் வந்து சில மணி நேரத்தில் திரும்ப மூடிக்கொள்ளும். சில வகைகளில் நஞ்சு உண்டு, அதை மேய்ந்த நத்தைகள் வரிசையாகச் சாகும். டயற்றமா டைனோவா என்ற சந்தேகம் வந்தால், கொஞ்சத்தைத் தொட்டி நீரோடு போத்தலில் எடுத்து நன்றாகக் குலுக்கி, மெல்லிய காகிதத் துவாயில் வடித்து, வடிந்த நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி ஒன்றுசேர்ந்து சளியாகத் திரண்டால் பெரும்பாலும் டைனோ. பாடசாலை நுணுக்குக்காட்டி ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது, துடித்துச் சுழல்வது கண்ணுக்கே தெரியும்.

பூச்சியமும் ஆபத்து

டைனோவைப் பற்றிச் சொன்னது இந்தக் கட்டுரையின் மற்றப் பாதியோடு முரண்படுவது போலத் தோன்றும், அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாசிக்குச் சாப்பாடு கொடுக்காதே என்று சொல்லக் கேட்டவர்கள் நைத்திரேற்றும் பொசுபேற்றும் பூச்சியம் வரும்வரை ஓய மாட்டார்கள். பொசுபேற்றைப் பிடித்து வைக்கும் இரும்பு ஒட்சைட்டு மணிகளைக் கைநிறையப் போடுவார்கள், தீனியை நிறுத்துவார்கள், நாளுக்கு நாள் நீர் மாற்றுவார்கள். இரண்டும் பூச்சியமானதும் பச்சைப் பாசி போகும், நல்ல பற்றீரியாவும் நுண்ணுயிர்களும் சேர்ந்து பட்டினி கிடக்கும், வெறுமையான அந்த இடத்தில் டைனோ எழும்பும். அப்போது செய்ய வேண்டியது நேர்மாறானது: நீர் மாற்றுவதை நிறுத்தி, மீனுக்குத் தீனியைக் கூட்டி, நைத்திரேற்றும் பொசுபேற்றும் அளவில் தெரியும் நிலைக்குக் கொண்டுவந்து, போட்டிக்கு மற்ற உயிர்களை வளர விடுவது. இரவில் நீருக்குள் மிதந்து எழும் டைனோ வகைகளுக்குப் புறஊதாக் கதிர் விளக்கும் உதவும்.

பவளம் வளர்க்கும் தொட்டிகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரையும், பொசுபேற்று 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரையும் வைத்திருந்தால் போதும். மீன் மட்டும் என்றால் நைத்திரேற்று இன்னும் கூடினாலும் மீன் தாங்கும். அளக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: கல் முழுக்கப் பச்சை மயிர் இருக்கும்போது சோதனையில் பொசுபேற்று பூச்சியம் காட்டினால் அது இல்லை என்று பொருளாகாது, வருவதை எல்லாம் பாசியே உடனுக்குடன் தின்றுவிடுகிறது என்றுதான் பொருள். பாசியைப் பிடுங்கிய பிறகு வரும் கிழமைகளில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

எந்த ஒழுங்கில் செய்வது

ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்யாதீர்கள். ஒன்றைச் செய்து இரண்டு வாரம் பார்த்து, பிறகு அடுத்தது. இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போகும்.

1. நிரப்பும் தண்ணீரை அளந்து, தேவையென்றால் மாற்றுங்கள். இதைச் செய்யாமல் கீழுள்ளவற்றைச் செய்வதில் பிரயோசனம் குறைவு.

2. வெளிச்சத்தைக் குறையுங்கள். பவளம் இல்லாத புதுத் தொட்டிக்கு விளக்கே அவசியமில்லை, மீனைப் பார்க்க மாலையில் சில மணி நேரம் போதும். பவளம் இருந்தாலும் 6 முதல் 8 மணி நேரம் தாராளம். விறாந்தையிலோ யன்னலுக்கு நேரேயோ வைத்த தொட்டியை உள்ளே நகர்த்த வேண்டும், நமது வெயிலுக்கு முன்னால் விளக்கின் நேரத்தைக் குறைத்துப் பலனில்லை.

3. தீனி. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. கூனி, இறால், மீன் துண்டு போடுகிறவர்கள் அதை நன்னீரில் அலசி, அந்த நீரை வெளியே ஊற்றிவிட்டுப் போடுங்கள், அந்தச் சாற்றிலும் பொசுபேற்று இருக்கிறது.

4. கையால் எடுப்பது. வாரத்துக்கு ஒருமுறை, நீர் மாற்றும் குழாயாலேயே பாசியை உறிஞ்சி, 10 முதல் 15 வீத நீரையும் அதோடு மாற்றிவிடுங்கள். டைனோ என்றால் நீர் மாற்றாமல், உறிஞ்சிய நீரைத் துணியில் வடித்துத் திரும்ப விடுங்கள்.

5. இவ்வளவுக்குப் பிறகும் பொசுபேற்று இறங்கவில்லை என்றால் மட்டும் இரும்பு ஒட்சைட்டு மணிகள், அதுவும் பொதியில் சொல்லியிருக்கும் அளவில் பாதியோடு தொடங்கி.

தொட்டியை மூன்று நாள் கறுப்புத் துணியால் மூடி வைப்பதும் ஒரு வழிதான், சயனோவுக்கும் சில டைனோவுக்கும் உதவும், பவளமும் மூன்று நாள் தாங்கும். ஆனால் செத்த பாசி அழுகும்போது ஒட்சிசன் வேகமாக இறங்கும், காற்றுப் பம்பி ஓடாமல் இதைச் செய்யக் கூடாது.

வெக்கையும் மின்வெட்டும்

குளிர் நாட்டு ஆட்கள் தொட்டிக்குச் சூடாக்கி வாங்குகிறார்கள், நமக்குப் பிரச்சினை மறுபக்கம். வெப்பநிலை 24 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருந்தால் நல்லது என்பார்கள், சித்திரை வைகாசியில் வன்னி வீட்டுக்குள் தொட்டி நீர் 30 ஐத் தாண்டிவிடும். சூடு கூடினால் பாசியும் சயனோவும் வேகமாக வளரும், அதே நேரம் நீர் பிடித்து வைக்கும் ஒட்சிசனும் குறையும்: 25 பாகையில் கடல் நீரில் லீற்றருக்கு 6.7 மில்லிகிராம் அளவில் கரையும், 30 பாகையில் 6.2 அளவுதான். நீர் மட்டத்துக்கு மேலே ஒரு சின்ன விசிறியை வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை இறங்கும், வரண்ட சோழகக் காற்றுக் காலத்தில் இது நன்றாக வேலை செய்யும், மழைக்கால ஈரப்பதத்தில் அவ்வளவு செய்யாது. விசிறி வைத்தால் நிரப்பும் நீரின் அளவும் இரட்டிப்பாகலாம், முன்னே போட்ட கணக்கு நினைவிருக்கட்டும்.

பாசி பகலில் ஒட்சிசனைத் தரும், இரவில் எடுக்கும். அடர்ந்து வளர்ந்த பாசியும் சூடான நீரும் நள்ளிரவு மின்வெட்டும் ஒன்றாக வந்தால் விடியும்போது மீன்கள் நீர் மட்டத்தில் வாயைத் திறந்து திணறும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்று அதிக விலையில்லை, விளக்கு வாங்குவதற்கு முன்பே அதை வாங்கி வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பாசி தின்னும் பிராணிகள்

டேர்போ, டுரோக்கஸ் வகைக் கடல் நத்தைகள் கண்ணாடியையும் கல்லையும் நன்றாக மேயும். 100 லீற்றருக்கு ஐந்தாறு போதும், கூடினால் பாசி தீர்ந்து பட்டினியில் சாகும், செத்த நத்தை மறுபடி அமோனியா. கரையில் கிடைக்கும் எல்லாச் சங்கும் பாசி தின்னாது. மன்னார்க் கடலில் குளித்து எடுக்கும் பெரிய வெண்சங்கு புழுக்களைத் தின்னும் பிராணி, அதைத் தொட்டியில் போட்டுப் பயனில்லை.

ஓரா மீன் பச்சை மயிர்ப் பாசிக்கு மிக நல்ல மேய்ச்சல்காரன். குஞ்சாக இருக்கும்போது அழகாக இருக்கும், ஆனால் பெரிய மீனாகும், சின்னத் தொட்டிக்கு ஆகாது. அதன் முள் குத்தினால் எவ்வளவு கடுக்கும் என்று கரையோர ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வலையால்கூடக் கவனமாகப் பிடியுங்கள். கடலட்டை மணலைத் தின்று அதிலுள்ள அழுக்கை எடுக்கும், பூநகரிப் பக்கம் பண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு அதைத் தொட்டியில் போடும் எண்ணம் வரலாம். பண்ணை அட்டைக்குப் பெரிய மணல் பரப்பு வேண்டும், வீட்டுத் தொட்டியில் மெலிந்து சாகும், பம்பியில் சிக்கிச் செத்தால் அதன் நஞ்சில் மீனும் சேர்ந்து போகலாம்.

எந்தப் பிராணியையும் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டத் தொடங்கிய பிறகே விடுங்கள். அதற்கு முன் பாசியைக் கண்டு நத்தை வாங்குவது அந்த நத்தையைக் கொல்வதுதான்.

எடுத்த பாசியை எங்கே போடுவது

குளத்திலோ களப்பிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள், தொட்டி நீரையும் அங்கே ஊற்றாதீர்கள். கோலெர்ப்பா என்கிற கடற்பாசியின் தொட்டி வளர்ப்பு வகையொன்று 1984 இல் மொனாக்கோக் கரையில் சின்னத் திட்டாகக் காணப்பட்டது, பிறகு மத்திய தரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்ரயர் கடலடியில் பரவி, அங்குள்ள கடற்புல்லை நெருக்கியது. வெளிநாட்டிலிருந்து வந்த கல்லோடும் பவளத்தோடும் நமது தொட்டிக்குள்ளும் எந்தப் பாசி வந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நந்திக்கடலிலும் கொக்கிளாயிலும் இறாலையும் நண்டையும் நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. பாசியை வெயிலில் சருகாகக் காயவிட்டு, நன்னீரில் உப்பை அலசி, தென்னைக்குப் பசளையாகப் போடலாம். மாற்றிய உப்பு நீரைக் கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் எட்டத்தில், நிலத்தில் ஊற்றுங்கள்.